சான்றுரையும் சந்தையும்

எங்கள் ஊர்க் கோயில்களிலே திருவிழா முடிவில், அடியார் நேர்ந்து வைத்த மாம்பழமும் வாழைக்குலையும் ஏலத்தில் விடப்படுவதை யாவரும் அறிவர். விலை கூறுபவர் நடுவே நிற்பார். கேட்பவர் சூழ்ந்து நிற்பர். "ஒருதரம், இரண்டுதரம்" என்று அவர் கூறும்பொழுது, யார் கேட்டார், யார் ஏற்றினார் என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். பொருளும் கண்முன்னே இருக்கும். பழம் அழுகியதாயின் அதன் மணமே அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டு நழுவிக்கொள்ளும் ஒருவர் அங்கு இருப்பாராயின், மறுநாளும் அவர் அதே வீதியிலேதான் நடத்தல் வேண்டும். ஆதலின், அந்த ஏலத்தை ஒழுங்கில் வைத்திருப்பது சட்டமன்று, மனிதரின் முகமே.

இக்காலத்து இணைய ஏலத்திலோ முகமுமில்லை, பொருளுமில்லை. படமும் சொல்லும் மாத்திரமே உள. முகம் இருந்த இடத்திலே இன்று வைக்கப்பட்டிருப்பது பின்னூட்டம் என்று சொல்லப்படும் சான்றுரை. முன்னர் வாங்கியோர் எழுதிவைத்த அந்தச் சான்றுரைகளின் எண்ணிக்கையைக் கண்டே நம்மவரிற் பலர் பணத்தை அனுப்புகின்றனர். அச்சான்றுரை எத்துணை நம்பத்தக்கது என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சொல்லின் மெய்ம்மையை ஆராய்தல் தமிழாசிரியனுக்கு அயலான தொழிலன்று என்பதே என் விடை. அன்றியும், இவ்விடயத்திலே யானும் ஒரு பிழை செய்தவன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இணைய ஏலத்தின் வரலாறு நீண்டதன்று. 1995ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரிலே, பியர் ஒமிடியார் என்னும் கணினி வல்லுநர் 'ஓக்சன்வெப்' என்ற பெயரில் ஓர் ஏலத்தளத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விற்கப்பட்ட பொருள் உடைந்த ஒரு லேசர்ச் சுட்டுகோல். அதன் விலை 14.83 டொலர். உடைந்ததென்று வெளிப்படையாகச் சொல்லியே அது விற்கப்பட்டது என்பது நினைவில் வைக்கத்தக்கது. 1997இல் அத்தளம் 'ஈபே' என்ற பெயரைப் பெற்றது. ஆனால் அதற்கு முன்னரே, 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில், விற்றவரும் வாங்கியவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் பின்னூட்ட முறையை ஒமிடியார் ஏற்படுத்தினார். ஒருவரையொருவர் ஒருநாளும் காணாத அந்நியர் இருவர் வாணிகம் செய்வதற்கு வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை. அது நல்ல வழியே. அதனைக் குறை கூறுவது என் நோக்கமன்று.

ஆயினும், நற்பெயர் எனப்படுவது எங்கே விலைபெறுகின்றதோ அங்கே போலி நற்பெயரும் உண்டாகும். நற்பெயருக்கு விலை உண்டா என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் அளந்தே பார்த்தனர். போல் ரெஸ்னிக் என்பாரும் அவர்தம் துணைவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பழைய அஞ்சலட்டைகளை ஈபேயில் விற்கும் அனுபவமுள்ள ஒரு வணிகர், ஒரே தரத்து அட்டைகளைத் தம் பழைய பெயரிலும், புதிதாகத் தொடங்கிய பெயர்களிலும் விற்றார். ஆயிரக்கணக்கான நற்சான்று பெற்ற பழைய பெயருக்கு ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாக விலை கிடைத்தது. அட்டை ஒன்றே, கை ஒன்றே, பெயர் மாத்திரமே வேறு. பெயருக்கு 8 சதவீதம் கொடுக்கும் உலகிலே, அப்பெயரைப் பொய்யாகச் செய்து விற்பவர் தோன்றாதிருப்பரா?

அவர் தோன்றிய விதத்தைச் சற்று ஆராய்வோம். முதலாவது வழி, அற்ப விலைப் பொருள்களாற் சான்றுரை சேர்த்தல். ஒரு சதம், இரண்டு சதம் பெறுமதியான துண்டுக் குறிப்புகளையும் மின்னூல்களையும் விற்றும் வாங்கியும், இருவரும் மாறி மாறிப் புகழ்ந்துகொண்டு, சில நாள்களில் நூறு நற்சான்றுக்கு உரியவராகிவிடுவர். இவ்வழக்கம் பெருகியமையாலேயே 2008இல் ஈபே, கணினி வழி இறக்கிக்கொள்ளும் பொருள்களை ஏலத்தில் விடுவதைத் தடை செய்தது. இரண்டாவது வழி, பழிவாங்கும் அச்சத்தைப் பயன்படுத்தல். விற்றவரைக் குறை கூறினால் அவரும் திருப்பிக் குறை கூறுவார் என்றஞ்சி, ஏமாற்றப்பட்டவரும் "மிக நன்று" என்று எழுதிய காலம் ஒன்றுண்டு. அதனை ஒழிக்க வேண்டி 2008ஆம் ஆண்டு மே மாதம் முதல், வாங்குபவரைப் பற்றி விற்பவர் குறைச்சான்று எழுதலாகாது என்று ஈபே விதித்தது. இதனால் விளைந்த ஒன்றைப் பலர் உணர்வதில்லை. வாங்குபவராக இருந்து ஒருவர் பெறும் சான்றுரைகள் யாவும் இப்பொழுது புகழுரைகளே. வேறாக இருக்க முடியாது. ஆதலால் அவை ஒருவரின் வாணிக நேர்மைக்குச் சான்றாகா. மூன்றாவது வழி மிகக் கொடியது. பல்லாண்டு நேர்மையாக விற்றுவந்த ஒருவரின் கணக்கை மறைச்சொல்லோடு களவாடி, அவர் பெயரிலே கடைவிரித்தல் அது.

இனி, ஏலம் கேட்பதிலுள்ள பொய்யைப் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், கலிபோர்னியாவின் சக்கிரமென்றோ நகரத்து வழக்கறிஞர் கென்னத் வோல்ற்றன் என்பவர் ஓர் ஓவியத்தை ஈபேயில் ஏலத்துக்கு வைத்தார். தொடக்க விலை 25 சதம். பழம்பொருள் விற்பனை ஒன்றில் வாங்கியது என்றும், வீட்டுக் குழந்தை விளையாட்டு வண்டியால் இடித்துத் துளையாக்கிவிட்டது என்றும், மனைவி அதனை வீட்டினுள் வைக்க உடன்படவில்லை என்றும் அவர் எழுதினார். உண்மையில் அவருக்கு மனைவியுமில்லை, குழந்தையுமில்லை. 1993இல் மறைந்த புகழ்பெற்ற ஓவியர் றிச்சட் டீபன்கோனின் பெயரை அவர் ஓரிடத்தும் எழுதவில்லை. ஆனால் படத்தின் மூலையிலே அவ்வோவியரின் பெயர் முதலெழுத்துகள் தெரியுமாறு செய்திருந்தார். அறியாதவர் கையில் அரும்பொருள் அகப்பட்டது என்று எண்ணிய பலர் போட்டியிட, விலை 135,805 டொலர் வரை ஏறியது. பின்னர் நடந்த விசாரணையிலே, அவரும் கூட்டாளிகளும் 40க்கு மேற்பட்ட புனைபெயர்களைக் கொண்டு, நூற்றுக்கணக்கான ஏலங்களிலே தம் பொருளைத் தாமே கேட்டு விலையேற்றி வந்தமை வெளியாயிற்று. விற்பனை நீக்கப்பட்டது. 2001இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். வழக்கறிஞர் தொழிலையும் இழந்தார். 2006இல் தாமே அக்கதையை ஒரு நூலாகவும் எழுதினார்.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? ஏமாந்தவர் பேதையர் அல்லர். "விற்பவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்" என்று எண்ணிய அறிவாளிகளே அவர். பிறரின் அறியாமையாற் பயன்பெற எண்ணியவரை அவ்வெண்ணத்தாலேயே வலையில் வீழ்த்தினார் அவ்வழக்கறிஞர். மலிவு என்னும் தூண்டிலிலே முதலில் அகப்படுவது நமது அவாவே.

இங்கிலாந்திலும் இத்தகைய வழக்கு 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பிறட்போட் நீதிமன்றத்திலே, தம் சிறு பேருந்தை விற்கும் ஏலத்தில் மற்றொரு பெயரால் தாமே விலைகேட்ட ஒருவர் தண்டிக்கப்பட்டார். அந்நாட்டிலே இக்குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற முதல்வர் அவரே. அவர் அம்மற்றைப் பெயராலே தமக்குத் தாமே நற்சான்றும் எழுதிக்கொண்டார் என்பது வழக்கில் வெளிவந்தது.

இவற்றை அறிந்தபின், மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் சில குறிகளைச் சொல்லுதல் பயனுடைத்து. ஏலத்தில் விலை கேட்டவர்களின் வரலாற்றை முதலிற் பார்த்தல் வேண்டும். பெயர் மறைக்கப்பட்டிருப்பினும், ஒருவர் கடந்த முப்பது நாள்களிற் கேட்டவற்றுள் எத்தனை பங்கு இதே விற்பனையாளரின் பொருளுக்குரியவை என்பதை ஈபே காட்டும். சான்றுரை ஏதும் இல்லாத ஒருவர், ஒரே விற்பனையாளரிடம் மாத்திரம், சிறிது சிறிதாக விலையை ஏற்றிக்கொண்டு போய், வெற்றிபெறாமலே ஒவ்வொரு முறையும் ஒதுங்குவாராயின் ஐயுறுக. நாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையைத் தளம் மறைவாக வைத்துக்கொண்டு, போட்டிக்குத் தக்கபடி மாத்திரம் ஏற்றிச் செல்வது இவ்வேலங்களின் முறை. அந்த உச்ச விலை எங்கேயிருக்கிறது என்று தடவிப் பார்ப்பதே அப்போலிக் கேள்வியின் வேலை. "விற்றாயிற்று" என்று முடிந்த பொருள் சில நாளில் மீண்டும் ஏலத்துக்கு வருமாயின், முன்னர் வென்றவர் விற்றவரேயோ என்று வினவுதல் தகும்.

பொருளின் விவரத்தை முதற்சொல்லிலிருந்து இறுதிச்சொல் வரை வாசித்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டு நவம்பரில் 'பிளேஸ்ரேசன் 5' என்னும் விளையாட்டுக் கருவி வெளிவந்து கடைகளிற் கிடையாதிருந்தபொழுது, அதன் படத்தை மாத்திரம் விற்றவர் பலர். விவரத்தின் அடியிலே "இது படம்" என்று எழுதியிருந்தனர். அதனை வாசியாதவர் கருவியின் விலையைக் கொடுத்துக் கடதாசி பெற்றனர். படம் உற்பத்தியாளரின் விளம்பரத்திலிருந்து எடுக்கப்பட்டதாக மிகத் தெளிவாயிருப்பின், அன்றைய திகதியை ஒரு கடதாசியில் எழுதிப் பொருளுடன் வைத்துப் புதிய படம் எடுத்தனுப்புமாறு கேட்கலாம். பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு அது ஐந்து நிமிட வேலை. மறுப்பவருக்குக் காரணம் உண்டு.

சான்றுரைகளை எண்ணாது வாசித்தல் வேண்டும். குறை கூறியவற்றை முதலில் வாசிக்க. அவை எப்பொருளைப் பற்றியவை, எக்காலத்தவை, விற்பவராகப் பெற்றவையா வாங்குபவராகப் பெற்றவையா என்று பிரித்தறிக. ஊசியும் நூலும் விற்றுப் பெற்ற பெயரைக் கொண்டு மோட்டார் வண்டி விற்பவரை உடனே நம்பற்க. எல்லாவற்றுக்கும் மேலாக, தளத்துக்கு வெளியே பணம் அனுப்புமாறு கேட்பவரிடமிருந்து அப்பொழுதே விலகுக. வங்கிக்கு நேரே அனுப்புங்கள், பரிசு அட்டை வாங்கி அதன் இலக்கத்தைச் சொல்லுங்கள், கட்டணம் மிச்சமாகும் என்று எவர் சொன்னாலும், அவர் நம்மைப் பாதுகாப்பின் வேலிக்கு வெளியே அழைக்கின்றார் என்றே கொள்ளுக. ஏலத்தில் தோற்றவருக்கு, "வென்றவர் விலகிவிட்டார், உங்களுக்கே தருகிறேன்" என்று தனிமடல் வருவதும் அத்தகைய அழைப்பே.

இனி என் பிழையைக் கூறுவேன். 2019ஆம் ஆண்டில், இலண்டனில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவரும் அவருடன் படித்த அறுவரும் கல்லூரி வானியற் கழகத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித்தர விரும்பிப் பணம் சேர்த்தனர். ஓர் ஏலத்தளத்திலே, புதிதாயின் 900 பவுண் பெறுமதியான கருவி ஒன்று 380 பவுணுக்குக் கிடைப்பதாக அவர் எனக்கு எழுதினார். "சேர், நீங்களும் ஒருமுறை பாருங்கோ" என்பதே அவர் கேட்டது. யானும் பார்த்தேன். 312 பேர் புகழ்ந்திருந்தனர். ஒருவரேனும் குறை கூறவில்லை. "இத்தனை பேர் பொய் சொல்வரோ? துணிந்து வாங்குக" என்று விடை எழுதினேன். தளத்தின் கட்டணத்தைத் தவிர்த்தால் 40 பவுண் குறைப்பேன் என்றார் விற்பவர். நம்மவரும் வங்கி மூலம் அனுப்பினார். தொலைநோக்கி வரவில்லை. வெளியே கொடுத்த பணத்துக்குத் தாம் பொறுப்பல்லர் என்று தளத்தார் அறிவித்தனர். அவர்தம் விதியின்படி அது சரியே.

பின்னர் அச்சான்றுரைகளை ஒவ்வொன்றாக வாசித்தோம். ஏறத்தாழ எல்லாமே மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டவை. அதன்பின் நெடுங்காலம் மௌனம். பின் ஒரே வாரத்தில் விலையுயர்ந்த ஐந்து பொருள்கள் விற்பனைக்கு வந்திருந்தன. அக்கணக்கு உரியவரிடமிருந்து களவாடப்பட்டது என்பது சில வாரங்களின் பின் தெரியவந்தது. அந்த 312 பேரும் பொய் சொல்லவில்லை என்பதே என்னை இன்றும் உறுத்துவது. அவர் யாவரும் உண்மையே எழுதினர். ஆனால் அவர் எழுதியது வேறொரு மனிதனைப் பற்றி. சான்று மெய்யாயிருந்தும் நம்பிக்கை பொய்யாயிற்று. யான் சான்றுரையை வாசிக்கவில்லை. அதன் தொகையை வாசித்தேன்.

ஆண்டுதோறும் சிலப்பதிகாரம் படிப்பிப்பவன் யான். சிலம்பு விற்க மதுரைக்குச் சென்ற கோவலன் கதையும் ஒரு விற்பனைக் கதையே. அரண்மனைப் பொற்கொல்லன் என்ற பெயரையே பாண்டியன் சான்றாகக் கொண்டான், சிலம்பை ஆராயவில்லை. கண்ணகி தன் சிலம்பை உடைத்தபின், உள்ளிருந்த மாணிக்கமே உண்மையைச் சொல்லிற்று. பெயரை நம்பிப் பொருளை ஆராயாமைக்குப் பாண்டியன் கொடுத்த விலை உயிர். வகுப்பிலே இதனை எத்தனை முறை விளக்கியிருப்பேன்! விளக்கியவனே அப்பிழையைச் செய்தேன்.

இக்கேடுகளைத் தடுப்பது தளங்களை நடத்துவோரின் கடமையன்றோ என்று சிலர் கேட்பர். கடமையே. கோடிக்கணக்கான விற்பனையிலே பங்கு பெறுவோர் அவற்றின் தூய்மைக்கும் பொறுப்பேற்றல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், போலிப் பொருள்கள் பற்றி ரிஃபனி என்னும் நகை நிறுவனம் ஈபே மீது தொடுத்த வழக்கிலே, பொதுவாகப் போலி உண்டென்று அறிந்திருத்தல் மாத்திரம் தளத்தைக் குற்றவாளியாக்காது, இன்ன பொருள் போலி என்று குறித்து அறிந்திருத்தல் வேண்டும் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்த்தது. போலிச் சான்றுரைகளை விற்பதும் வாங்குவதும் அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலும், போலிச் சான்றுரைகளைப் பிரித்தானியாவில் 2025ஆம் ஆண்டு ஏப்ரில் முதலும் புதிய விதிகள் தடுக்கின்றன. அவை வரவேற்கத்தக்கன. ஆனால் சட்டம் பெரும்பாலும் கெட்டபின் வருவது. அதிலும் கடல்கடந்து வாங்கும் நம்மை அது வந்தடைவது அரிது.

ஆகவே என் கருத்து இதுதான். போலிச் சான்றுரைக்கு இடங்கொடுப்பது ஏமாற்றுவோரின் திறமை மாத்திரமன்று; நேர்மையாளரின் சோம்பலும் மென்மையுமாம். குறை கண்டும் "ஏன் வீண் பகை" என்று புகழ்ந்து எழுதுகின்றோம். அல்லது எழுதாமலே விடுகின்றோம். பொருள் நன்றாயிருப்பின் "மிக நன்று" என்ற இரு சொல்லோடு நிறுத்துகின்றோம். அந்த இரு சொல் எவருக்கும் பொருந்தும். ஆதலின் எவருக்கும் பயன்படாது. எவர்க்கும் பொருந்தும் சொல்லையே பொய்யனும் எளிதில் எழுதுவான். என்ன வாங்கினோம், எப்படி வந்தது, எது குறை என்று நாலு வரி எழுதுதல் அடுத்து வருபவர்க்குச் செய்யும் தருமமாகும். மற்றொருபுறம், பணம் திருப்பித் தராவிட்டால் குறை எழுதுவேன் என்று நேர்மையான வணிகரை வெருட்டுவதும் பொய்ச்சான்றே. அதனையும் நம் பிள்ளைகள் செய்யலாகாது.

பிறருக்குச் சொல்லும் இதனை யானும் மேற்கொள்ள வேண்டியவனானேன். கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் பலர் என்னிடம் நற்சான்றுப் பத்திரம் கேட்டு வருவர். "நன்னடத்தையுடையவர், கடமையுணர்ச்சி மிக்கவர், எனக்கு நன்கு தெரிந்தவர்" என்று பல்லாண்டு எல்லார்க்கும் ஒரே வாசகத்தை எழுதிக் கையொப்பமிட்டேன். அவருட் சிலரின் பெயரை எழுதும்பொழுதே கேட்டுத்தான் எழுதினேன். அத்தொலைநோக்கியை இழந்த ஆண்டு முதல் அவ்வாறு எழுதுவதில்லை. யானே கண்ட ஒன்றையேனும் எழுதுகின்றேன். மழை நாளிலும் நூலகத்தைத் திறந்துவைத்தான் என்றோ, தன் பிழையைத் தானே வந்து சொன்னான் என்றோ எழுதுகின்றேன். கண்டது ஒன்றும் இல்லையாயின், கண்டவரிடம் செல்லுமாறு கூறுகின்றேன். சிலர் மனம் வருந்தியதுண்டு. ஆயினும் என் கையொப்பம் பெற்றுச் செல்பவரின் பத்திரம் இன்று முன்னையிலும் பெறுமதியுடையது என்றே நம்புகின்றேன்.

அந்த எழுவரும் மீண்டும் பணம் சேர்த்தனர். இம்முறை சிறியதொரு தொலைநோக்கியைக் கடையிலே நேரிற் சென்று, கண்ணை வைத்துப் பார்த்து வாங்கி, விடுமுறைக்கு வந்த ஒருவரின் கையிற் கொடுத்தனுப்பினர். அது இன்று நம் ஆய்வுகூடத்தில் உளது. வானம் தெளிந்த இரவுகளில் மாணவர் அதன்வழியே சனியின் வளையங்களைக் காண்கின்றனர். காணும் ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் குறிப்பேட்டிலே தம் கையால் எழுதுதல் வேண்டும் என்பது கழகத்தின் விதி. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தெழுதலாகாது.